ஆப் முடித்துக் கொடுத்து மூன்று மாதமாகிறது, கிளையண்ட் பாக்கியைத் தரவில்லை. என்ன செய்யலாம்?

முதலில், செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பலரும் இதைத்தான் யோசனையாகச் சொல்வார்கள்: "சர்வரை நிறுத்து, தானா பணம் வரும்." வேண்டாம். லாகின் கையில் இருக்கிறது என்பதற்காகக் கிளையண்டின் தளத்தை முடக்கினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகள் உங்கள் மேல் பாயும். 3 ஆண்டு சிறை வரை போகலாம். பணம் தராதவர் புகார்தாரர் ஆகிவிடுவார்.

நீங்கள் தனியாளாக வேலை பார்ப்பவர், பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தது, "டெஸ்டிங் போயிட்டிருக்கு, முடிஞ்சதும் போட்டுடறோம்" என்று பதில் வருகிறது என எடுத்துக்கொள்கிறேன். பணம் சிக்குவது இங்கேதான். வேலை எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்றே சொல்ல முடியாது. இன்றே ஒரு மெயில் போடுங்கள்: கொடுத்த பில்ட் (ஆப்பின் எந்தப் பதிப்பு), கொடுத்த தேதி, லைவ் போன நாள், இன்வாய்ஸ் எண், பாக்கித் தொகை. கோபம் வேண்டாம், தேதிகள் போதும்.

வேலை தொடங்கும் முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு) எடுத்திருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் உங்கள் பக்கம். டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளில் பணம் வரவேண்டும், அதுவும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. விகிதம் 6 என்றால் வட்டி 18 சதவீதம். இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில வசதியாக்கக் கவுன்சிலில் ஆன்லைனிலேயே மனு போடலாம். பிறகு எடுத்த பதிவு பழைய பில்லுக்குச் செல்லுமா என்பதில் நீதிமன்றங்களில் இழுபறி உண்டு. அதனால்தான் முன்பே எடுக்கச் சொல்கிறேன். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் அரசுத் தளமல்ல.

பலர் பார்க்கத் தவறும் இடம் உங்கள் 26ஏஎஸ், அதாவது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறை அறிக்கை. டிடிஎஸ் என்பது பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி; பணம் கொடுக்கும்போதோ கணக்கில் வரவு வைக்கும்போதோ, எது முந்தியோ அப்போது பிடிக்க வேண்டியது. உங்கள் பில்லுக்கான டிடிஎஸ் அங்கே ஏறியிருந்தால், அவர்கள் பில்லைத் தங்கள் புத்தகத்தில் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். அதற்குப்பின் "வேலை சரியில்லை" என்ற பேச்சு நிற்பது கஷ்டம். காலாண்டு ரிட்டர்ன் போட்ட பிறகே ஏறும், ஆகவே இரண்டு முறை பாருங்கள்.

உறவு கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மூன்று மாதமாகப் பணத்தை இழுத்தடிப்பவரோடு காப்பாற்ற என்ன உறவு இருக்கிறது? வழக்கென்று போனால் காலவரம்பு 3 ஆண்டு; அதுவரை காத்திருக்காதீர்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் ஜிஎஸ்டி டெவலப்பர், ஒரு பைசா வராத பில்லுக்கும் 18 சதவீதத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்த வரியை உள்ளீட்டு வரவாக (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக) எடுத்துக்கொள்ளும் கிளையண்டுக்கோ, நமக்குப் பணம் தர 180 நாள் அவகாசம். சிறிய ஆளின் கைக்காசில் பெரிய ஆள் வியாபாரம் செய்வதை எந்தக் கணக்கில் நியாயம் என்பது?

அடுத்த வேலைக்கு 30 சதவீதம் முன்பணம் வாங்குங்கள், கடைசித் தவணை 15 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத ஒருவர் எழுதிய கோட் எழுதியவருக்கே சொந்தம். கையெழுத்திட்ட எழுத்தில்தான் மாறும். அதனால் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு வரி இருக்கட்டும்: "டெலிவரிக்குப் பின் 15 நாளுக்குள் எழுத்துமூலம் குறை சொல்லப்படாவிட்டால் வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். முழுத்தொகையும் வந்த நாளில் பதிப்புரிமை கிளையண்டுக்கு மாறும்."