நெடுஞ்சாலைக்கு எந்த டயர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி டயரைப் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போய் வருகிறேன். டயர்கள் 45,000 கி.மீ. ஓடிவிட்டன. கடையில் ‘டூரிங் டயர்’ போடச் சொல்கிறார்கள். அது தனி வகையா, விலையை ஏற்றும் உத்தியா? (தாம்பரம் வாசகர்)

இரண்டும் கொஞ்சம் உண்டு. ‘டூரிங்’ என்பது சட்டம் வகுத்த பிரிவு அல்ல, நிறுவனங்கள் வைத்துக்கொண்ட பெயர். ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது. சீரான வேகத்தில் நாள் முழுக்க ஓடுவதற்கான டயர் அது. ஓசை குறைவாக இருக்கும், ரப்பர் மெதுவாகத் தேயும், குலுக்கல் உள்ளே அதிகம் தெரியாது. வளைவில் வேகமாகத் திரும்பும் ஆசைக்கு ‘ஸ்போர்ட்’ வகை இருக்கிறது. அதன் ரப்பர் மென்மையானது, சாலையை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். உங்கள் ஓட்டத்துக்கு டூரிங் சரிதான்.

ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். நீண்ட ஆயுள், ஈரச் சாலைப் பிடிப்பு, எரிபொருள் சிக்கனம் என்ற மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இது டயர் வடிவமைப்பவர்களின் தீராத தலைவலி. ரப்பர் கலவையில் சிலிக்கா சேர்த்து இந்த இழுபறியை ஓரளவு தணித்திருக்கிறார்கள், ஒழித்துவிடவில்லை. ‘இத்தனை ஆயிரம் கி.மீ. உழைக்கும்’ என்று மட்டுமே புகழப்படும் டயர் மழையில் எப்படி நிற்கும் என்று நான் முதலில் கேட்பேன்.

பழைய டயர் முடிந்துவிட்டதா என்பதைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கச் சுவரின் மேல் விளிம்பில் ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராக டிரெட்டின் (சாலையில் படும் வரிகள் உள்ள பரப்பு) பள்ளத்துக்குள் பாருங்கள், குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மி.மீ. டிரெட் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. நான் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன். ஐப்பசி மழையில் அந்த வித்தியாசம் தெரியும்.

என் காருக்கு 185/65 ஆர்15 88எச் அளவு. 205 போட்டால் ரோட்டைக் கெட்டியாகப் பிடிக்கும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (கோவை வாசகர்)

எந்த 205 என்று அவர் சொன்னாரா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. அதே 65 விகிதத்தில் 205 போட்டால் 647 மி.மீ. ஆகிவிடும், அதாவது 4 சதவீதத்துக்கு மேல் பெரிது. மீட்டரில் முள் 100 காட்டும்போது வண்டி 104-ல் போய்க்கொண்டிருக்கும். நான்கு பேர் ஏறி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் கூடும். 205/60 என்றால் உயரம் 627 மி.மீ. இந்த வித்தியாசம் பரவாயில்லை. ஆனால் உங்கள் ரிம்மின் அகலம் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும்.

சரி, போட்டால் என்ன கிடைக்கும்? உலர்ந்த சாலையில் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு. என்ன போகும்? கொஞ்சம் மைலேஜ் போகும். தேங்கிய நீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். நீங்கள் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல டயராக வாங்குங்கள் என்பதே என் யோசனை.

கடைசியில் உள்ள 88எச்-ஐப் பலர் கவனிப்பதில்லை. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. ‘நான் 100-க்கு மேல் போவதே இல்லையே, குறைந்த எழுத்து போதாதா’ என்று கேட்காதீர்கள். அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனுக்கும் அடையாளம். எண்ணும் எழுத்தும் கூடலாம், குறையக் கூடாது.

புது டயர் என்று கொடுத்தார்கள். பக்கத்தில் 1523 என்று இருக்கிறது. இது என்ன? (விழுப்புரம் வாசகி)

2023-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் செய்த டயர். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நிழலில் ஒழுங்காக வைத்திருந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் பழையது என்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. அதற்கு மேல் என்றால் வேறு டயர் கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். ஒரு கடையில் நான்கு டயர் மாற்றினேன். இரண்டில் தேதி வெளியே, நல்ல புதியது. மற்ற இரண்டில் வெளியே எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து, சாக்கு விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டரை வருடப் பழசு. ரிம்மில் ஏற்றுவதற்கு முன், டயர் தரையில் கிடக்கும்போதே நான்கையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறது, இரண்டு டயர்தான் இப்போது மாற்ற முடியும். முன்சக்கர இழுவை வண்டி என்பதால் புதியதை முன்னால்தானே போட வேண்டும்? (திருச்சி வாசகர்)

பின்னால். இதைச் சொன்னால் பாதிக் கடைகளில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நல்ல மழை. சாலையில் நீர் தேங்கியிருக்கிறது. முன்சக்கரங்கள் பிடியை இழந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், வண்டி நேரே போகும். கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும், வேகம் குறையும், பிடி திரும்பும். பின்சக்கரங்கள் இழந்தால்? வண்டியின் வால் சுழன்று முன்னால் வரும். அதை அடக்கப் பயிற்சி பெற்ற ஓட்டுநரே திணறுவார். பயத்தில் பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். அதனால்தான் டயர் நிறுவனங்களே நல்ல டிரெட் உள்ள ஜோடியைப் பின்னால் போடச் சொல்கின்றன. முன்னால் உள்ளவை மொட்டையாக இருக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. இன்னும் உயிருள்ள ஜோடி முன்னால் வர வேண்டும்.

இனிமேல் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு வந்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும்.

நைட்ரஜன் அடிக்கலாமா? (பலர்)

இலவசம் என்றால் அடியுங்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

வெயில் காலத்தில் நெடுந்தூரம் போகும்போது காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும் என்கிறார் அப்பா. உண்மையா? (வேலூர் வாசகர்)

அப்பா சொல்வதில் பாதி சரி. ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே அழுத்தம் கூடும். ஆனால் காற்று மானியில் தெரியும் அந்த மூன்று நான்கு புள்ளி ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் சுடுமே, அதேதான். சித்திரை வெயில், கொதிக்கும் தார், பின்சீட்டில் மூவர், டிக்கி நிறைய மூட்டை, 100 கி.மீ. வேகம். உள்ளே இழைகள் ரப்பரை விட்டுப் பிரிந்து, கடைசியில் சுவர் கிழிகிறது.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இருவர் பயணிக்க ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு. ஊருக்குப் போகும்போது இரண்டாவதைப் பாருங்கள். காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். நூறு கி.மீ. ஓடிவிட்டு, ‘ஐயோ கூடிவிட்டது’ என்று திறந்துவிடக் கூடாது. டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண் அது தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல. பெட்ரோல் பங்குக்குப் பங்கு மானி வேறு வேறு காட்டுகிறது. சொந்தமாக ஒரு சின்ன மானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

20,000 கி.மீ.க்குள் முன் டயர்களின் உள்விளிம்பு மொட்டை. கம்பெனி சரியில்லையா? (நாமக்கல் வாசகர்)

டயர் நிரபராதி. உள்ளங்கையை டிரெட்டின் மேல் குறுக்கே உள்ளிருந்து வெளியே தடவுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பப் பல்போல் கையைப் பிடித்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. அதையும் சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் இதே கதிக்கு ஆளாகும். இரு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

வெளிநாட்டு டயர் உசத்தியா? (புதுச்சேரி வாசகர்)

எது வெளிநாடு? 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று நாடு முழுக்க விற்கிறது. பிரெஞ்சு நிறுவனமான மிஷ்லினுக்குத் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஆலை இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த தேதி, உங்கள் ஊரில் உத்தரவாதத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள்.

ஸ்டெப்னி ஒன்பது வருடமாக இறக்கவே இல்லை, புதிதாகவே இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? (ஈரோடு வாசகர்)

ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பத்து வருடம் ஆனால் டிரெட் எப்படி இருந்தாலும் கழித்துவிட வேண்டும். உங்களுடையது வாசலில் நிற்கிறது. நான்கையும் மாற்றும்போது, கழற்றியவற்றில் வயது குறைந்த, நல்ல ஒன்று ஸ்டெப்னி ரிம்முக்குப் பொருந்தினால் அங்கே ஏற்றிவிடலாம். சில வண்டிகளில் ஸ்டெப்னி அளவில் சிறியது. அதன் மேல் 80 கி.மீ. வேக வரம்பு எழுதியிருந்தால் மதிக்க வேண்டும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. அங்கே நட்டுகளைக் காற்று மெஷினால் முடுக்குவார்கள். டிக்கியில் உள்ள ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டையாவது உங்கள் கையால் தளர்த்திப் பாருங்கள். அசையவில்லையென்றால் தளர்த்தி, கையால் முடுக்கித் தரச் சொல்லுங்கள். இரவு பதினொரு மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி அந்த மெஷினை எங்கே போய்த் தேடுவீர்கள்?