நிபா செய்தி வந்தால் கேரளப் பயணத்தை நிறுத்தணுமா?

பொது சுகாதாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கோவை வாசகி: கோழிக்கோட்டில் நிபா என்கிறார்கள். மூணாறில் அறை போட்டிருக்கிறோம். ரத்து செய்யட்டுமா ஐயா?

வேண்டாம்மா. இரண்டுக்கும் நடுவே சாலை வழியில் 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நிபா வைரஸ் கொரோனா போல ஊரெல்லாம் வேகமாகப் பரவாது. நோயாளியின் சளி, எச்சில் படும் அளவுக்கு நெருங்கி இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் 17 பேர் இறந்தார்கள். பலருக்கு மருத்துவமனையில்தான் தொற்றியது. பேராம்பிராவில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் அதில் உயிரிழந்தார். அப்போது கேரள அரசு, மாநிலம் முழுக்கப் போகலாம், கூடுதல் கவனம் வேண்டுமென்றால் கோழிக்கோடு, மலப்புறம், வயநாடு, கண்ணூரை மட்டும் தவிர்க்கலாம் என்றது. ஆனாலும் நோய் எட்டாத ஊர்களிலும் அறைகள் ரத்தாயின. சீசனை நம்பியிருந்த படகுக்காரருக்கும் வாடகை வண்டி ஓட்டுநருக்கும் அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?

திருப்பூர் வாசகர்: எங்கள் திட்டம் வயநாடு ஆச்சே?

கட்டுப்பாட்டு மண்டலம் எது என்று மாவட்ட நிர்வாக அறிவிப்பைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் வார்டு வார்டாகத்தான் அறிவித்தார்கள். நீலகிரி கூடலூர் வழியாக வயநாட்டின் சுல்தான் பத்தேரி போனால் கோழிக்கோட்டைத் தொடவே வேண்டாம்.

ஈரோடு வாசகி: பிள்ளைகளுக்குப் பழம் கொடுக்கலாமா? கோழிக்கறி?

கோழிக்கறி தாராளமாக. பழந்தின்னி வௌவால்தான் இந்தக் கிருமியைச் சுமக்கிறது. அதனால் கீழே விழுந்த பழம், பல் பட்ட பழம் வேண்டாம். மற்றதைக் கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். நோய் இருக்கும் பகுதியில் மரத்திலிருந்து இறக்கிய கள்ளைத் தொடாதீர்கள், கலயத்தில் வௌவால் வாய் வைத்திருக்கலாம்.

மதுரை வாசகர்: திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால்?

மழைக்காலக் கேரளத்தில் பயணிக்கு வரக்கூடியது பெரும்பாலும் டெங்கு, எலிக்காய்ச்சல்தான். தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்காமல் இருப்பதும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அதனால்தான் முக்கியம். நிபா என்றால் பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி வரும், பிறகு குழப்பம், மூச்சுத்திணறல். எதுவானாலும் மருத்துவரிடம் எங்கே போனீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். எல்லைச் சோதனையில் மாட்டக்கூடாது என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருபவர், தன் வீட்டாரையும் சிகிச்சை தரும் செவிலியரையும்தான் ஆபத்தில் தள்ளுகிறார். சந்தேகம் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியறையில் இருந்தபடி சுகாதார உதவி எண் 104-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.