ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான அபோரிஜினல் மக்களின் முதியோருக்கு ஏன் தனிச் சேவை? பொது முதியோர் இல்லம் போதாதா?

போதாது என்பதே என் பதில். ஆஸ்திரேலியாவில் பொதுவாக 65 வயதில் கிடைக்கும் முதியோர் பராமரிப்பு, அபோரிஜினல் மக்களுக்கு 50 வயதிலிருந்தே உண்டு. நாள்பட்ட நோய்கள் அவர்களைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வதுதான் காரணம்.

ஆனால் வயது வரம்பைத் தளர்த்தினால் மட்டும் தீராது. இன்றைய முதியவர்கள் பலர், அரசு சிறுவயதில் பெற்றோரிடமிருந்து பிடுங்கிச் சென்ற 'திருடப்பட்ட தலைமுறை'யினர். விடுதிகளிலும், கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய 'மிஷன்' குடியிருப்புகளிலும் வளர்ந்தவர்கள். கடைசிக் காலத்தில் மறுபடி நீண்ட தாழ்வாரம், மணியடித்தால் சாப்பாடு என்றால் பழைய பயம் திரும்பத்தானே செய்யும்? பிரதமர் கெவின் ரட் 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பயம் அதோடு போய்விடவில்லை.

அடுத்தது நிலம். பிறந்த மண்ணை விட்டு விலகினால் உடம்பே கெடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிறுநீரகம் செயலிழந்த பின்டுபி என்ற பாலைவன அபோரிஜினல் இனத்து முதியவர்கள், டயாலிசிஸுக்காகத் தங்கள் ஊரான கின்டோரிலிருந்து சுமார் 500 கி.மீ. தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் போய்க் கிடக்க வேண்டியிருந்தது. அந்த மக்களே ஓவியங்கள் வரைந்து, 2000இல் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் கின்டோருக்கே டயாலிசிஸ் வந்தது. 'பர்ப்பிள் ஹவுஸ்' என்ற அமைப்பு அப்படிப் பிறந்ததுதான்.

மறதி நோய்ப் பரிசோதனையும் அப்படித்தான். நகரத்துக் கேள்விகளைக் கேட்டால் நல்ல நினைவுள்ளவரும் தோற்பார். அதனால் வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டார அபோரிஜினல் மக்களுக்கென்றே 'கிக்கா' என்ற பரிசோதனையை உருவாக்கினார்கள். அதில் சீப்பு, குவளை, தீப்பெட்டி போன்ற புழங்கும் பொருட்களைக் காட்டித்தான் நினைவைச் சோதிக்கிறார்கள்.