லிமாவில் எங்கே சாப்பிடலாம் என்பதைவிட எப்போது சாப்பிடலாம் என்று பாருங்கள்

வாசகர் கேள்வி: அலுவலக வேலையாகப் பெரு நாட்டின் லிமாவுக்குப் போகிறேன், மனைவியும் வருகிறார். வேலை முடிந்த பிறகு மூன்று நாள் கையில் இருக்கிறது. சாப்பாட்டு வழியாக ஊரைப் பார்க்க ஆசை. ஆனால் பெயர்பெற்ற ரெஸ்டாரன்ட் எதிலும் டேபிள் கிடைக்கவில்லை. நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், மனைவி சுத்த சைவம். பச்சை மீன் என்றாலும் கொஞ்சம் பயம். எங்கே தொடங்குவது?

டேபிள் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2023இல் சென்ட்ரலும் 2025இல் மைடோவும் முதலிடம் பிடித்த பிறகு லிமாவின் பெரிய இடங்களில் டேபிள் கிடைப்பதே பெரும்பாடு. வாய்ப்பு வந்தால் போங்கள், சமையல் அருமையானது. ஆனால் ஊரைத் தெரிந்துகொள்ள அது கட்டாயமில்லை. லிமாவில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வேளை இருக்கிறது. இன்னது காலையில், இன்னது மத்தியானம், இன்னது இருட்டிய பிறகு என்று ஊரே ஒத்துக்கொண்டு நடக்கிறது. அந்த வேளைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மூன்று நாள் நன்றாகவே போதும்.

முதல் நாள் மத்தியானத்தைச் செவிச்சேக்கு, அதாவது எலுமிச்சைச் சாறில் பிரட்டிய பச்சை மீனுக்கு, ஒதுக்குங்கள். செவிச்சேரியா எனப்படும் இந்த மீன் கடைகளில் பெரும்பாலானவை சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் விடியற்காலை வந்த மீன் மத்தியானத்துக்குள் தீர்ந்தாக வேண்டும், அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. பெருவின் கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது, சத்து மிகுந்தது, அதனால்தான் அந்தக் கடலில் மீனுக்குப் பஞ்சமில்லை. கவுன்டரை ஒட்டி இடம் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள், ஏனென்றால் செய்வதைப் பார்ப்பதில்தான் பாதி சந்தோஷம். மீனைப் பாக்கு அளவுக்குத் துண்டு போட்டு முதலில் உப்பைப் பிரட்டுவார்கள், நறுக்கிய அஹி லிமோ மிளகாய் சேரும், பிறகு சின்னப் பச்சை எலுமிச்சையை மென்மையாக, பாதி மட்டும் பிழிவார்கள், இறுக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். மெல்லிசாக அரிந்து அலசிய சிவப்பு வெங்காயத்தை மேலே போட்டால் வேலை முடிந்தது, எல்லாம் சில நிமிடம்தான். பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முத்து முத்தாகப் பெரிய மணியுள்ள சோளம், வறுத்த சோளம். மீனை உண்ட பிறகு தட்டில் தேங்கும் வெள்ளைச் சாறுதான் லெச்சே தே திக்ரே, அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம்தான். எலுமிச்சைச் சாறு மீனின் நிறத்தையும் இறுக்கத்தையும் மாற்றி வெந்தது போலக் காட்டும், ஆனால் கிருமிகளையும் புழுக்களையும் அடுப்பு கொல்வது போலக் கொல்லாது. 1991இல் பெருவில் காலரா பரவியபோது ஜனங்கள் செவிச்சேயைத் தொடவே பயந்தார்கள். ஆகவே மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளூர்க் கூட்டம் நிரம்பி வழியும் கடையாகப் பார்த்துப் போங்கள், இன்று என்ன மீன் வந்தது என்று கேளுங்கள், தெருவில் வெயிலில் வைத்திருப்பதை வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது. மனசு ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், அதே கடையில் சுடாடோ என்று தக்காளி, வெங்காயம், மிளகாயோடு வேகவைத்த மீன் குழம்பு இருக்கும், ஹலேயா என்று மொறுமொறுப்பாகப் பொரித்த கடல் உணவும் இருக்கும், இரண்டும் ருசியில் சளைத்தவை அல்ல.

அடுத்த நாள் பழைய நகரத்துக்குப் போங்கள். மத்தியச் சந்தையை ஒட்டி காயே கப்போன் என்ற தெரு இருக்கிறது, அதுதான் லிமாவின் சீனப் பகுதி. 1849 முதல் 1874 வரை சுமார் ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள், கரும்புத் தோட்டத்திலும், கடற்பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டிய தீவுகளிலும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒப்பந்தம் முடிந்து லிமாவுக்கு வந்தவர்கள் இந்தச் சந்தைப் பக்கம் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். இன்று சீஃபா என்ற சீன-பெரு உணவகம் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோயா சாஸும் இஞ்சியும் லிமாவின் சாதாரண வீட்டுச் சமையலுக்குள்ளேயே போய்விட்டன. லோமோ சால்தாடோவைப் பாருங்கள், மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளியோடு சீனச் சட்டியில் பெருந்தீயில் புரட்டி, உருளைக்கிழங்கு வறுவலையும் சோற்றையும் சேர்த்துத் தரும் அந்தப் பதார்த்தத்தைப் பெருக்காரர்கள் தங்கள் சொந்தச் சமையலாகத்தான் கொண்டாடுகிறார்கள். நீங்கள் கோழியில் செய்து தரச் சொல்லலாம், பல கடைகளில் செய்வார்கள். 1899இல் கயாவோ துறைமுகத்தில் வந்து இறங்கிய ஜப்பானியர்களின் கதையும் இதன் தொடர்ச்சிதான், மெல்லிய வில்லைகளாக மீனை அறுத்துத் தரும் திராதித்தோவில் அவர்கள் கைவண்ணம் தெரியும்.

மத்தியானத்தில் இன்னொன்று, தெருவோரக் கடை வாசலில் பலகையில் மெனு என்று எழுதி வைத்திருப்பார்கள். சூப், ஒரு முக்கியப் பதார்த்தம், குடிக்க ஒரு பானம், எல்லாம் சேர்த்து ஒரே விலை, பெரும்பாலும் 15 முதல் 20 சோல். ஆபீஸ்காரர்கள், டாக்ஸிக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது சாப்பிடுங்கள்.

காலை வேளைக்கு லிமாவின் மீராஃப்ளோரெஸ் பகுதியிலிருந்து நடந்தே போகக்கூடிய சுர்கீயோ சந்தை. அங்கே ஜூஸ் கடையில் உயரமான முக்காலியில் உட்கார்ந்து லூகுமா, சிரிமோயா, கிரானடியா என்று பழங்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தம்ளரை நிரப்பிய பிறகு மிக்ஸி ஜாரில் மீந்ததையும் கொசுறாக ஊற்றுவார்கள், அவர்கள் அதை யாப்பா என்பார்கள், கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், ஆரஞ்சுச் சாறிலோ பாலிலோ அடித்துத் தரச் சொல்லுங்கள்.

இருட்டிய பிறகுதான் ஆன்டிகூச்சோ வண்டிகள் புகைய ஆரம்பிக்கும். மாட்டின் இதயத்தைக் காய்ந்த மிளகாய் விழுதில் ஊறவைத்துக் கம்பியில் கோத்துச் சுடுவது இது. எஜமான் வீட்டில் ஒதுக்கிய உறுப்புகளை ஆப்பிரிக்க அடிமைகள் இப்படி உணவாக்கிக்கொண்டார்கள். நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், சரி, பல வண்டிகளில் கோழியும் சுடுவார்கள். பக்கத்திலேயே பிக்கரோனெஸ் கிடைத்தால் இரண்டு பேரும் விடாதீர்கள். பூசணியும் சர்க்கரைவள்ளியும் பிசைந்த புளித்த மாவு, கையாலேயே நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் விடுவார்கள், பார்க்க அப்படியே உளுந்து வடை. மேலே ஊற்றும் பாகு சான்காக்கா, அதாவது கரும்பு வெல்லம். பொரிக்கும் எண்ணெய் தாவர எண்ணெய்தானா என்று மனைவிக்காக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு லிமா கஷ்டமான ஊர் இல்லை, ஆனால் கவனம் வேண்டும். மஞ்சள் உருளைக்கிழங்கை எலுமிச்சையும் அஹி அமரியோ மிளகாயும் சேர்த்துப் பிசைந்து அடுக்கும் காவுசாவை அவகாடோ மட்டும் வைத்துக் கேட்கலாம். பாப்பா ஆ லா உவான்காயீனாவில் அவித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டியும் மிளகாயும் அரைத்த சாறு, முட்டை வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். சீஃபாவில் காய்கறி சௌஃபா, அதாவது வறுத்த சோறு. பீன்ஸும் சோறும் கலந்த தாக்கு தாக்குவில் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும், சூப்பில் அநேகமாக எலும்புச் சாறு இருக்கும், இரண்டையும் விசாரிக்காமல் வாங்க வேண்டாம். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் கோழி போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள், இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் கார்னே என்றால் பெரும்பாலும் மாடுதான். ஆகவே முழுதாகவே சொல்லுங்கள்: சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ. இறைச்சி, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம். போனில் எழுதி வைத்து ஆர்டர் கொடுக்கும்போது காட்டிவிட்டால் இன்னும் நல்லது.