சனிக்கிழமை மட்டாஞ்சேரி சினகாக் போலாமா?

கேள்வி: சனிக்கிழமை குடும்பத்தோட கொச்சி போறோம். மட்டாஞ்சேரி யூத சினகாக் (யூதங்களோட வழிபாட்டுக் கூடம்) அன்னிக்கு லீவுன்னாங்க, ஆனா ஆளுக்கு 300 ரூபா குடுத்தா உள்ள கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தர் சொல்றார். குடுக்கலாமா? நாங்க இந்துக்கள், விடுவாங்களா?

பதில்: குடுக்காதீங்க. மதமெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, வாசல்லயே சில்லறைக் காசுக்கு டிக்கெட் இருக்கு, ஆனா சனிக்கிழமை அவங்களுக்கு சபாத், அதாவது வாராந்திர ஓய்வு நாள், யார் சொன்னாலும் கதவு திறக்காது. வெள்ளி சாயங்காலமே அது ஆரம்பிச்சிரும், அதனால வெள்ளி மதியத்துக்கு மேலயும் கிடையாது. அந்த ஆளு என்ன பண்ணுவார்னா 1760ல கட்டின மணிக்கூண்டை வெளிய நின்னு காட்டிட்டு, ஜூ டவுன் தெருவுல ஒவ்வொரு கடையா ஏத்தி இறக்குவார், நீங்க வாங்குற ஒவ்வொண்ணுலயும் அவருக்கு கமிஷன். ஆட்டோக்காரங்களும் இதே கதைதான், திறந்திருக்குற நாள்லயே "இன்னிக்கு மூடிட்டாங்க சேட்டா, வாங்க மசாலா கடை காட்டுறேன்"னு திருப்பிருவாங்க. நேரா வாசல் வரைக்கும் போய் நீங்களே பாருங்க.

யூதப் பண்டிகைக்கும் லீவு. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நம்மாளுங்க ஆயுத பூஜை லீவுலதான் கூட்டமா கிளம்புவாங்க. அவங்க பஞ்சாங்கமும் நிலாக் கணக்குதான், 2024லயும் 2025லயும் யோம் கிப்பூர்ங்கற அவங்க விரத நாள் சரியா விஜயதசமி அன்னிக்கே விழுந்துச்சு. 2026ல அது ஒரு மாசம் முன்னாடியே செப்டம்பர்ல வந்துரும், அதுக்காக நிம்மதியா இருக்காதீங்க, சுக்கோத்து அது இதுன்னு அடுத்தடுத்த பண்டிகைங்க அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் தொடரும். கிளம்புறதுக்கு முன்னாடி யூத காலண்டர்ல தேதி பாத்துக்கோங்க, முந்தின நாள் சாயங்காலத்துலயே பண்டிகை தொடங்கிரும்ங்கறதையும் சேத்து.

பக்கத்துச் சுவர்ல இருக்குற டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு! ரெண்டையும் ஒரே நடையில பாக்க வர்றவனுக்கு ஆளுக்கொரு நாள் பூட்டு, இதை ஒரு போர்டுல சேத்து எழுதி படகுத்துறையில மாட்ட எந்த டிபார்ட்மென்ட்டுக்கும் கை வரல.

ஞாயிறு காலைல போங்க. அரை டவுசர், கையில்லாத சட்டை வேணாம், செருப்பைக் கழட்டணும், உள்ள போட்டோ கிடையாது. 1568ல கட்டினது, ஆனா தரையில பதிச்ச நீலப்பூ ஓடுங்க 18ம் நூற்றாண்டுல சீனாவுலேர்ந்து வந்தது, எல்லாம் கையால வரைஞ்சது, நிதானமா குனிஞ்சு பாருங்க.

சனிக்கிழமைதான் முடியும்னா வடக்கன் பரவூர் சினகாக் போங்க, அங்க இப்ப வழிபாடு இல்ல, அரசாங்க மியூசியம், அதுக்கு லீவு திங்கக்கிழமை.