புல்வெளி சமவெளியில தனியா பைக்ல: கேட்டீங்க, சொல்றேன்

கோவில்பட்டி பக்கம் கரிசக்காட்டுல வளர்ந்தவ நான், இப்ப சிகாகோ பக்கத்துல குடித்தனம். ஜூன்ல ஒரு தடவ, அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஒரு தடவ, நெப்ராஸ்கா சவுத் டகோட்டா புல்வெளிய தனியா பைக்ல சுத்திட்டு வந்தேன். தடவைக்கு சுமார் 2,200 மைல், நம்ம கணக்குல 3,500 கிலோமீட்டர், 8 நாள். வண்டி என்ஃபீல்டு 650. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு வாய விட்டுட்டேன், இவ்ளோ வரும்னு நெனைக்கல. வரிசையா சொல்றேன்.

புல்லட் பாண்டி: அக்கா, மொதல்ல ரூட்ட சொல்லுங்க. கூகுள் மேப் இன்டர்ஸ்டேட் 80ல நேரா போன்னு சொல்லுது.

அது அப்படித்தான் சொல்லும் தம்பி. நெப்ராஸ்காவுக்குள்ள மட்டும் அந்த ரோடு 455 மைல், பிளாட் ஆத்த ஒட்டியே போகும், லாரிக்கு பின்னாடி லாரி, பைக்காரனுக்கு அதுல ஒன்னும் கெடையாது. நான் ஒமாஹா தாண்டி கிராண்ட் ஐலண்ட் வரைக்கும் அதுல போயிட்டு ஹைவே 2 புடிச்சேன். புரோக்கன் போ, தெட்ஃபோர்டு, முல்லன், ஹயானிஸ், அப்புறம் அலையன்ஸ். இதுதான் சாண்ட்ஹில்ஸ், அதாவது பூரா மணல்மேடு, மேல புல் மொளச்சு புடிச்சு வச்சிருக்கு. நம்ம ஊர் தேரிக்காட்டுக்கு பச்சைப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி வச்சுக்கங்க. பக்கத்துலயே ரயில் தண்டவாளம், வயோமிங் நிலக்கரிய ஏத்திகிட்டு ஒரு மைல் நீளத்துக்கு கூட்ஸ் வண்டி வந்துகிட்டே இருக்கும். டிரைவருக்கு கைய காட்டுனா ஹாரன் அடிப்பாரு, ரெண்டு தடவ அடிச்சாங்க, அன்னைக்கு பூரா சந்தோஷம்.

அலையன்ஸ்ல இருந்து வடக்க சாட்ரன், அங்கிருந்து லகோட்டா பழங்குடி ஜனங்களோட பைன் ரிட்ஜ் வழியா பேட்லேண்ட்ஸ்ங்கிற அரிச்சுப்போன பாறைக்காடு, திரும்பும்போது அலுப்பா இருந்துச்சுன்னா இன்டர்ஸ்டேட் 90. சவுத் டகோட்டாவுல அதுல 80 மைல் வேகம் அனுமதி. அனுமதி இருக்குன்னு போயே ஆகணும்னு இல்ல, சரியா.

டல்லாஸ் மாப்ள: காத்து பயங்கரமா இருக்கும்ங்கிறாங்களே, நெஜமா?

நெஜம். எல்லாரும் தூரத்த நெனச்சு பயப்படுறாங்க, தூரம் ஒன்னும் பண்ணாது, காத்துதான் ஆள கொல்லும். தடுக்க ஒரு மரமோ மலையோ கெடையாது, தெக்க இருந்து கெளம்புன காத்து நேரா ஒங்க விலாவுல வந்துதான் நிக்கும். மொத நாள் நான் பண்ண தப்பு, ஹாண்டில்பார இறுக்கிப் புடிச்சேன், எவ்ளோ இறுக்குறமோ அவ்ளோ வண்டி ஆடும், சாயங்காலம் தோள்பட்டைய தூக்க முடியல. அப்புறம்தான் புரிஞ்சது, கைய தளர்த்தி விட்டு, முட்டியால டேங்க புடிச்சு, ஒடம்ப குனிச்சு, காத்து வர்ற பக்கம் வண்டிய லேசா சாய்ச்சே ஓட்டணும். நேர் ரோட்டுல சாஞ்சுகிட்டே போறது மொதல்ல கிறுக்குத்தனமா இருக்கும், ஒரு மணி நேரத்துல பழகிடும்.

ஆபத்து எப்பன்னா காத்து திடீர்னு நிக்கும்போதுதான். லாரிய ஓவர்டேக் பண்றப்ப அந்த லாரி காத்த மறைச்சிடும், நீங்க சாஞ்ச பக்கமே வண்டி லாரிய பாத்து இழுக்கும், லாரியத் தாண்டுன செகண்ட் திரும்ப ஒரு அறை விழும். இத எதிர்பாத்து இருந்தா ஒன்னும் இல்ல. காத்து ரொம்ப ஏறிடுச்சுன்னா நிறுத்திடுங்க, காலைல 6 மணிக்கு கெளம்பி மதியம் 2 மணிக்குள்ள அன்னைக்கு ஓட்ட வேண்டியத முடிச்சிடுறது என் வழக்கம், பொழுது ஏற ஏறத்தான் காத்தும் ஏறும்.

காதுக்கு இயர்பிளக் வாங்கிக்கங்க, ரெண்டு டாலர்தான். காத்து சத்தமே பாதி அசதிக்கு காரணம்.

மைலேஜ் மணி: பெட்ரோல் பங்க் எத்தன மைலுக்கு ஒன்னு? ஜெர்ரி கேன் வேணுமா?

கேன் தேவப்படல. ஆனா பாதி டேங்க் ஆனதுமே பங்க்க பாத்தா போட்டுடணும், அடுத்த ஊர்ல போட்டுக்கலாம்னு விடக்கூடாது. ஹயானிஸ் தாண்டினா அலையன்ஸ் வரைக்கும் சுமார் 60 மைல், நடுவுல நம்பிக்கையா ஒன்னும் இல்ல. எதிர்காத்துல மைலேஜ் கண்ணு முன்னாடியே எறங்கும், வழக்கமா 170 மைல் ஓடுற டேங்க் எனக்கு 130லயே மினுக்க ஆரம்பிச்சிடுச்சு.

இன்னொன்னு, இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. சோளம் வெளையுற பூமிங்கறதால பெட்ரோல்ல எத்தனால் கலப்பு ஜாஸ்தி. பெட்ரோலோட ஆக்டேன் நம்பர், அதாவது தர நம்பர், 88னு போட்டிருக்கும், வெலையும் கம்மியா இருக்கும், ஆசப்பட்டு போட்டுடாதீங்க, அதுல 15 சதவீதம் எத்தனால், அமெரிக்காவுல மோட்டார்சைக்கிளுக்கு அது போடவே கூடாதுன்னு விதி. மேற்க போகப்போக 85 ஆக்டேன்னும் ஒன்னு வரும், அதையும் விட்டுட்டு 87 இல்ல அதுக்கு மேல போடுங்க.

மழைக்குருவி: இடி மின்னல்ல மாட்டுனா பாலத்துக்கு அடியில ஒதுங்கலாமா?

வேண்டவே வேண்டாம்மா. பாலத்துக்கடியில காத்து குறுகி இன்னும் வேகமாத்தான் அடிக்கும், டொர்னாடோ, அதாவது சுழல்காத்து நேரத்துல அது பொறி மாதிரி. பின்னாடி வர்ற காரும் ஒதுங்க வந்து ஒங்க மேல ஏத்திடலாம். ரப்பர் டயர் மின்னல்ல இருந்து காப்பாத்தும்ங்கிறதும் கத, பைக்ல காப்பாத்தாது.

நல்ல விஷயம் என்னன்னா அங்க மேகம் 40, 50 மைல் தள்ளி இருக்கும்போதே தெரியும். நம்ம ஊர்ல கோடைமழை காட்டத் தாண்டி வர்றது தெரியுமே, அத பத்து மடங்கு பெருசாக்கிக்கங்க. ஜூன்ல புரோக்கன் போ பக்கம் மேகத்தோட அடிவயிறு பச்சையா மாறுச்சு, எனக்கு அழகா இருக்கேன்னு போட்டோ எடுக்க தோணுச்சு, பங்க்ல நின்ன ஒரு பெரியவரு தொப்பிய கழட்டி தலைய சொறிஞ்சுகிட்டே "வண்டிய என் ஷெட்டுக்குள்ள தள்ளும்மா, இப்பவே"ன்னாரு. பத்து நிமிஷத்துல நெல்லிக்கா சைசுல ஆலங்கட்டி. தகரக் கூரை மேல விழுந்த சத்தத்துல அவரு பேசுனது ஒன்னுமே கேக்கல, நானும் தலைய தலைய ஆட்டிகிட்டு நின்னேன். மே, ஜூன்ல இந்த தொல்ல ஜாஸ்தி, அதனாலதான் ரெண்டாவது தடவ செப்டம்பர்.

வெயில்முத்து: ஜூலைல லீவு இருக்கு, ஜாக்கெட் இல்லாம போகலாமா, வேகும்ல?

ஜாக்கெட்ட கழட்டினாதான் இன்னும் வேகும். ஒடம்பு சூட்ட விட வெளிக்காத்து சூடாயிடுச்சுன்னா அது ஆத்தாது, அடுப்பு அனல் மாதிரி தண்ணிய உறிஞ்சிடும். உள்ள பனியன நனச்சு போட்டுகிட்டு மேல ஜாக்கெட்ட போடுங்க, மண்பான கணக்குதான். தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடிங்க, உப்பும் சேந்து போகணும், மோர் கெடைக்காது, ஓஆர்எஸ் பாக்கெட் நாலு பைல போட்டுக்கங்க.

சைவம் மட்டும்: சாப்பாடு?

கஷ்டம்தான். ஊர் ஊருக்கு கறிதான், நெப்ராஸ்காவுல மனுஷங்கள விட மாடு அதிகம். சின்ன ஊர்லயும் ஒரு மெக்சிகன் கடை இருந்தா பீன்ஸ் புரிட்டோவ, அதான் பீன்ஸ வச்சு சுருட்டுன ரொட்டிய, வச்சு ஓட்டிடலாம், ஆனா பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு போடுறாங்களான்னு கேட்டுக்கங்க. நான் புளிக்காய்ச்சலும் ரெடி சோறு பாக்கெட்டும் கொண்டு போனேன், மோட்டல் மைக்ரோவேவ் போதும்.

ஹெல்மெட் வெறுப்பி: அங்க ஹெல்மெட் கட்டாயமில்லையாமே, ஜாலி?

இல்லினாய்ஸ்லயும் அயோவாவுலயும் சட்டமே கெடையாது, சவுத் டகோட்டாவுல 18 வயசுக்குள்ள இருந்தாதான் கட்டாயம், நெப்ராஸ்காவுல 2024ல இருந்து 21 வயசு ஆகி பாதுகாப்பு கோர்ஸ் முடிச்சிருந்தா போடாம ஓட்டலாம். 70 மைல் வேகத்துல ஒரு வெட்டுக்கிளி மூஞ்சில மோதிப் பாருங்க, அப்புறம் ஜாலிய பத்தி பேசுவோம்.

ஸ்பேனர் செல்வம்: பஞ்சர் ஆச்சா? கூட என்ன டூல்ஸ்?

ஆச்சே! அலையன்ஸ்ல மோட்டல் வாசல்ல காலைல பாத்தா பின் டயர் ஒக்காந்திருக்கு. முள்ள புடுங்கி கைல வச்சு பாக்குறேன், சிரிப்பு வந்துடுச்சு, நம்ம நெருஞ்சி முள்ளு! அங்க கோட்ஹெட்னு சொல்றாங்க, ஆட்டுத்தல மாதிரி கொம்பு இருக்கறதால, ஆனா செடி அச்சு அசல் அதேதான், இங்க களையா வந்து பரவிடுச்சு. இவ்ளோ தூரம் வந்தும் என்ன விடலியேன்னு நெனச்சுகிட்டேன். என்னோடது ட்யூப் டயர், சட்டுனு ப்ளக் சொருக முடியாது. மோட்டல் நடத்துறவரு குஜராத்தி பட்டேல், அவரே டிராக்டர் டயர் கடைக்கு போன் போட்டு ஆள வரவச்சாரு. ட்யூப்ல ஒட்டுப் போட்டு முடியுறதுக்குள்ள அவரு வீட்டம்மா எனக்கு தேப்லாங்கிற குஜராத்தி ரொட்டியும் மாங்கா ஊறுகாயும் கட்டிக் குடுத்துட்டாங்க.

ட்யூப்லெஸ்னா ப்ளக் கிட், சின்ன ஏர் பம்ப், செயினுக்கு போடுற எண்ண, போதும். செயினுக்கு 400, 500 மைலுக்கு ஒருக்கா எண்ண போடுங்க. புது டயர மாத்திட்டு கெளம்பாதீங்க, வளைவே இல்லாத ரோட்டுல நடு பாகம் மட்டும் தேஞ்சு தட்டையாயிடும், வந்ததுக்கப்புறம் மாத்துனா காசு மிச்சம்.

கோவை ரைடர்: நான் இந்தியாவுல இருந்து வந்து வாடகைக்கு எடுத்து ஓட்ட முடியுமா?

முடியும். கியர் பைக் லைசென்ஸ், அதோட ஆர்டிஓவுல வாங்குற இன்டர்நேஷனல் பர்மிட், அதுல மோட்டார்சைக்கிளும் சேந்திருக்கான்னு பாத்துக்கங்க, கார் மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல. பர்மிட்ட கெளம்புறதுக்கு முன்னாடியே அங்க வாங்கிடணும். வாடகை கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கங்க. ஆகஸ்ட் ஆரம்பத்துல மட்டும் வராதீங்க, சவுத் டகோட்டா ஸ்டர்ஜிஸ்ல பைக் திருவிழா, 1938ல ஆரம்பிச்சது, சுமார் 7,000 பேர் இருக்குற ஊருக்கு லட்சக்கணக்குல வண்டி வரும், ரூம் வாடகைய கேட்டா மயக்கம் வரும்.

மதுர மீனா: அக்கா, தனியா பொம்பள... பயமா இல்லையா?

மீனா, எல்லா பங்க்லயும் "ஒங்க வீட்டுக்காரர் எங்க"ன்னு கேட்டாங்க, அது கோவில்பட்டிலயும் கேப்பாங்க. மத்தபடி எனக்கு ஒரு தொந்தரவும் நடக்கல, எனக்கு நடக்கலங்கறத மட்டும்தான் நான் சொல்ல முடியும். செல் சிக்னல் பல எடத்துல செத்துடும், அதனால சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற கருவி ஒன்ன வாங்கி ராத்திரி ராத்திரி வீட்டுக்கு ஒரு மெசேஜ். இருட்டுனா ஓட்டவே மாட்டேன், மனுஷனுக்கு பயந்து இல்ல, மானுக்கு பயந்து. பொழுது சாயுற நேரத்துல அதுங்க எந்தப் பக்கம் இருந்து பாயும்னு அதுங்களுக்கே தெரியாது.

பேட்லேண்ட்ஸ்ல பைசன், அதாவது அந்த ஊர் காட்டெருமை, ரோட்டுல நின்னா தூரத்துலயே நிறுத்தி, ஒரு கார் வந்தா அதுக்கு பின்னாடி மெதுவா கடந்துடுங்க. ஹாரன் அடிக்காதீங்க தயவுசெஞ்சு.

நியூஜெர்சி நாராயணன்: நாங்க கார்ல கடந்திருக்கோம். ஒன்னுமே இல்லாத ஊரு, பிள்ளைங்க பூரா தூங்கிடுச்சுங்க. இதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்?

சார், கண்ணாடிய ஏத்தி விட்டு ஏசி போட்டா கரிசக்காடும் ஒன்னுமில்லாத ஊருதான். ஒமாஹா கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,000 அடி, அலையன்ஸ் கிட்டத்தட்ட 4,000 அடி. ஒரு கொண்டை ஊசி வளைவு கெடையாது, ஏறுறதே தெரியாம ஏற்காட்டுக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் ஏறியிருப்பீங்க. பைக்ல இருந்தா அது தெரியும், காத்து காஞ்சுகிட்டே வரும், சோளக்காடு கொறஞ்சு புல்லாகும், அறுத்த வைக்கோல் வாசம் வரும், ஒரு எடத்துல மெடோலார்க்னு ஒரு குருவி வேலிக்கம்பில ஒக்காந்து கத்துறது ஹெல்மெட்டுக்குள்ள கேக்கும். தெட்ஃபோர்டுக்கும் முல்லனுக்கும் நடுவுல கடிகாரமே ஒரு மணி நேரம் பின்னாடி போயிடும், அத சொல்ல ஒரு சின்ன போர்டு மட்டும் நிக்கும்.

ஒன்னுமில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பைன் ரிட்ஜ்ல வூண்டட் நீ இருக்கு, 1890 டிசம்பர் 29ல லகோட்டா ஜனங்கள, பொம்பள பிள்ளைங்கன்னு பாக்காம ராணுவம் சுட்டுப்போட்ட எடம். நான் போனப்ப மேட்டுல கல்லறைய சுத்தி கம்பி வேலி, அதுல கலர் துணி கட்டியிருந்தாங்க, காத்துல படபடன்னு அடிச்சுகிட்டே இருந்துச்சு, வேற ஆள் கெடையாது. எஞ்சின அணச்சுட்டு நடந்துதான் மேல போனேன். போட்டோ எடுக்கல.

புல்லட் பாண்டி: அக்கா கடைசியா ஒன்னு, டீ கெடைக்குமா?

டீய மறந்துடு தம்பி. பேட்லேண்ட்ஸ் பக்கத்துல வால்ங்கிற ஊர்ல வால் டிரக்னு ஒரு கடை, 1931ல ஒருத்தர் வாங்கி வியாபாரமே இல்லாம கெடந்தாரு, 1936ல ஐஸ் தண்ணி இலவசம்னு ரோட்டோரம் போர்டு வச்சதும் கூட்டம் அள்ளிடுச்சு. நம்ம தண்ணிப்பந்தல்தான், என்ன, பக்கத்துலயே கடையும் போட்டுட்டாரு. ஐஸ் தண்ணி இன்னைக்கும் இலவசம், காப்பி 5 சென்ட். காப்பி சுமார்தான், அஞ்சு சென்ட்டுக்கு என்ன கும்பகோணம் டிகிரி காப்பியா குடுப்பான். நான் மூணு டம்ளர் குடிச்சேன்.