குளிர்கால முகாமுக்கு இடவசதியுள்ள ஸ்லீப்பிங் பேக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலையேற்றத்துக்குச் செல்லும் நீங்கள், புரண்டு படுக்க இடமும் கதகதப்பும் உள்ள ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பையில் குறித்திருக்கும் வெப்பநிலைகளில் 'கம்ஃபர்ட்' (குளிராமல் உறங்கக்கூடிய அளவு) எண்ணையே நம்புங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைப்பதற்கான எல்லையே தவிர, உறங்குவதற்கானது அன்று. அங்கே இரவுக் குளிர் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கக்கூடும் என்பதால், அந்த அளவுக்குத் தாங்கும் பையே வேண்டும்.

பை அகலமாக ஆக, உள்ளிருக்கும் காற்றையெல்லாம் நம் உடற்சூடுதான் வெதுவெதுப்பாக்க வேண்டியிருக்கும். ஆகவே செவ்வகப் பையைவிட, தோளிலும் முழங்காலிலும் அகன்று பாதத்தில் குறுகும் பையே என் தேர்வு. கடையிலேயே ஸ்வெட்டரோடு உள்ளே படுத்து முழங்காலை மடக்கிப் பாருங்கள்: துணி இழுபட்டு உள்நிரப்பு நசுங்கினால், அந்த இடத்தில்தான் குளிர் ஏறும். முதுகுக்கு அடியில் அது எப்படியும் நசுங்கும் என்பதால், தடித்த விரிப்பொன்று கட்டாயம் தேவை.